தொல்பழங்காலம்

எழுத்துச் சான்று தோன்றுவதற்கு முந்திய காலமே தொல்பழங்காலம். பாடநூல்களில் இது ‘வரலாற்றுக்கு முற்பட்ட காலம்’ என்றும் வழங்குகிறது. ‘தொல்’, ‘பழ’ இரண்டும் பழமையையே குறிக்கும். அடுக்கி வந்து மிகப் பழைய காலம் என்று அழுத்தம் தருகின்றன. ‘வரலாறு’ என்பதோ வரல் + ஆறு, அதாவது வந்த வழி. எழுதத் தெரியாத மனிதருக்கும் வந்த வழி உண்டு. ஆகவே ‘வரலாற்றுக்கு முன்’ என்பதைவிடத் தொல்பழங்காலமே பொருத்தமான சொல்.

வழக்கில் ‘வரலாற்றுக்கு முந்திய’ என்பதன் பொருள் தளர்ந்துவிட்டது. பழைய கோயில், கோட்டை எதைக் கண்டாலும் ‘சரித்திரத்துக்கு முந்தியது’ என்கிறார்கள். திண்டுக்கல் மலைக்கோட்டை நாயக்கர் காலத்தது. அது முழுக்க வரலாற்றுக் காலம். ‘கற்காலம்’ என்ற சொல்லும் இப்படியே திரிகிறது. அது கருவியைக் குறித்த பெயர். பிற்போக்கு என்ற பொருளில் அதை வசைச்சொல்லாக்குவது அந்தக் கருவியைச் செதுக்கியவரின் கைத்திறனுக்குச் செய்யும் அநீதி.

தொல்பழங்காலத்துக்கும் வரலாற்றுக் காலத்துக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைப் பழனி அருகிலுள்ள பொருந்தல் காட்டுகிறது. பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் அங்கே அகழாய்வு நடத்தினார். பெருங்கற்காலக் கல்லறை ஒன்றில் நாற்கால் சாடி நிறைய நெல்லும், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பிரிமணையும் கிடைத்தன. அந்த நெல்லின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 490 எனக் காட்டியது. எழுத்து இருப்பதால் அக்கல்லறையைத் தொல்பழங்காலத்தில் சேர்ப்பது பொருந்தாது. ‘வரலாற்றுத் தொடக்கக் காலம்’ என்பதே அதற்குரிய பெயர்.