வீட்டு அனர்த்த ஆயத்தம் (வன்னி)

வெள்ளம், புயல் முதலியவற்றை எதிர்கொள்ளக் குடும்பம் முன்கூட்டியே வகுக்கும் திட்டமும் சேர்த்துவைக்கும் பொருட்களும்.

வவுனியா–மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளம் போன்ற குளத்தை அண்டிய ஊர்களில் வடகீழ்ப் பருவமழைக்கு முன், ஐப்பசிக்குள், இந்த ஆயத்தத்தை முடிப்பது நல்லது. குளங்கள் வான் பாய்ந்தால் தாழ்ந்த பாதைகள் துண்டிக்கப்படும். உதாரணமாக, 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரவர் பாதிக்கப்பட்டனர்.

திட்டம்: மேட்டுவழி, ஒன்றுகூடும் இடம், முதியோருக்குத் துணை, கால்நடைகளை அவிழ்த்துவிடும் பொறுப்பு.

பொதி: அடையாள அட்டை, காணி உறுதி, கிளினிக் கொப்பி ஆகியன நீர்புகாப் பையில், மருந்து, டோர்ச், உலர் உணவு, குடிநீர் (ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 4 லீற்றர்).

உதவி: கிராம அலுவலர், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையம் (தொலைபேசி 117), அம்புலன்ஸ் (தொலைபேசி 1990).