கடவுள் நம்பிக்கையும் ஒழுக்கமும் (காஞ்சி – செங்கல்பட்டு வட்டாரம்)

கடவுளை நம்பாதவர் அறவழியில் நிற்க முடியுமா என்பது தொண்டை மண்டலத்தின் பழைய விவாதங்களுள் ஒன்று. இன்று ஆலைகள் சூழ்ந்த மண்ணூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஊர்களுக்கு அருகிலுள்ள காஞ்சிபுரத்தில்தான் மணிமேகலை அறம் கேட்டதாகக் காப்பியம் கூறுகிறது. படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்தமும் சமணமும் கொல்லாமையையும் பொய்யாமையையும் வினைப்பயனின்மேல் நிறுத்தின. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் (மரபுக் கணக்குப்படி 1017) நற்செயலை இறைவனுக்குரிய கைங்கரியமாகக் கண்டார்.

திருக்குறள் எப்பக்கம் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. நூல் கடவுள் வாழ்த்தோடு தொடங்குகிறது. முதல் மூன்று அதிகாரங்கள் வள்ளுவருடையவை அல்ல என்று வ. உ. சிதம்பரனார் கருதினார். உலகைப் பூதங்களின் சேர்க்கையாக மட்டுமே கண்ட பூதவாதிகளின் வாதங்கள் பெரும்பாலும் அவர்களை மறுத்தோரின் நூல்கள் வழியாகவே கிடைக்கின்றன.

கடவுள் மறுப்பாளர் தரப்பின் விரிவான சான்றுகள் 19ஆம் நூற்றாண்டுக்கு உரியவை. நாத்திகர்களின் அமைப்பான சென்னை இலௌகிக சங்கத்தினர் 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்னும் தமிழ் இதழையும் ‘தி திங்க்கர்’ என்னும் ஆங்கில இதழையும் நடத்தினர். தமிழ் இதழின் ஆசிரியர் பு. முனுசாமி நாயகர். குழந்தை மணம், விதவையர் நிலை, சாதி ஆகியவற்றை அறக்கேடுகளாகவே இவ்விதழ் பேசியது. ‘இந்துமத ஆசார ஆபாச தரிசினி’ (1882) எழுதிய அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் அதற்குப் பத்தாண்டு முன்பே செங்கல்பட்டு மாவட்டத்தில் பரம்பரை நில உரிமை கொண்ட மிராசுதாரர்களுக்கும் பயிரிட்ட பாயக்காரிகளுக்கும் இடையிலான வழக்கைப் பற்றி நூல் வெளியிட்டிருந்தார். தரிசைத் திருத்திப் பயிரிட்ட பாயக்காரி, மிராசுதாரருக்குச் ‘சாமிபோகம்’ என்னும் விளைச்சல் பங்கை அளக்க வேண்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. சாத்திரத்தைக் கேள்வி கேட்கும் முன் நிலத்தில் நடந்த அநீதியைக் கேட்டவர் வெங்கடாசல நாயகர் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒன்றிலிருந்துதான் மற்றது பிறந்தது என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

இலௌகிக சங்கத்தார் பெரிதும் மதித்த ஆங்கில நாத்திகர் சார்லஸ் பிராட்லா 1880இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். நாத்திகரின் வாக்கை நம்பலாமா என்னும் கேள்வியே அங்கு சட்டப் போராட்டமாயிற்று. 1886இல்தான் அவரால் அவையில் நிலையாக அமர முடிந்தது. சென்னையில் பௌத்த அறிஞர் லட்சுமி நரசு 1907இல் பௌத்த அறத்தை விளக்கி எழுதிய ஆங்கில நூலுக்கு அம்பேத்கர் 1948இல் முன்னுரை தந்தார்.

பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடியது. பக்தி தனி மனிதர் விருப்பம், ஒழுக்கமோ எல்லாருக்கும் தேவையானது என்று அவர் வாதிட்டார். நம்பிக்கை தளர்ந்தால் ஒழுக்கமும் தளரும் என்பது ஆத்திகர் மறுப்பு.

இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை, பதவியேற்போர் கடவுளின் பெயரால் ஆணையிடவும் உளமார உறுதிமொழியவும் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் சடங்கில்லாச் சுயமரியாதைத் திருமணம் 1968 முதல் சட்டப்படி செல்லும்.

தொழிற்பேட்டைக் காலம் குறித்துச் சொல்லக்கூடியது குறைவு. ஆயுத பூசையன்று இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாயிலில் பூசணிக்காய் உடைப்பது இப்பகுதி ஆலைகளில் வழக்கம். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளில் தொழிலாளர் வலக்கை நீட்டி எடுக்கும் உறுதிமொழியில் கடவுள் பெயர் இல்லை. இரண்டிலும் நிற்பவர்கள் அதே தொழிலாளர்கள்.