ஊவா மலைப் பாதையும் மோட்டார் ஓட்டும் கலையும்



மேட்டிலே நிறுத்திய மோட்டார் வண்டியைப் பின்னே உருளவிடாமலும், அதன் இயந்திரம் அணைந்துபோகாமலும் மீண்டும் கிளப்பி ஏற்றுவது, வண்டியோட்டப் பழகுவோர் யாவரும் அஞ்சும் ஒரு சோதனையாகும். சமதரையிலே பழகுகின்றவருக்கு அது பாடத்தின் இறுதியில் வருவது. பதுளையிலும் பசறையிலும், பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் பழகுகின்றவருக்கோ அதுவே முதற்பாடம். எங்கள் ஊவா மலைநாட்டிலே வண்டியை வெளியே எடுத்தால் ஏற்றம், இல்லையேல் இறக்கம். இரண்டுமற்ற இடம் வேண்டுமாயின் விளையாட்டு மைதானத்துக்குத்தான் போகவேண்டும்.

இந்தச் சிறு செயலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கின்றது. அது ஓர் இயந்திரத்தின் வரலாறு; மலைப் பாதைகளின் வரலாறு; தோட்டங்களிலே பிறந்து, ஏட்டுக் கல்வி அதிகம் பெறாது, கண்ணாலும் காதாலும் காலாலும் ஒரு கலையைக் கற்றுக்கொண்ட மனிதரின் வரலாறு. அதனையே இன்று எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

முதலிலே பாதைகளைக் கவனிப்போம். பதுளை நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் அமைந்தது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் உயர்ந்தவை. முற்காலத்தில் இம்மலைகளுக்குப் பொருள்கள் வந்தது தவளம் என வழங்கிய பொதிமாட்டுக் கூட்டத்தின் முதுகிலேதான். ஆங்கிலேயர் ஆட்சியில் பதுளையிலே அதிகாரியாயிருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பார் இப்பகுதியிற் பல பாதைகளை வெட்டுவித்தார். அவர் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையிலே இடிவிழுந்து இறந்தார். பின்னர் கோப்பிக்காகவும், கோப்பி நோயினால் அழிந்தபின் தேயிலைக்காகவும், பாதைகள் பெருகின. அவற்றை வெட்டியும் கல்லுடைத்தும் உருவாக்கிய கைகளிற் பெரும்பகுதி தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் கைகளே. அவை மாட்டு வண்டிக்காகப் போடப்பட்ட பாதைகள். காளை இளைத்தால் நிற்கும். மூச்சு வாங்கியபின் மீண்டும் இழுக்கும். ஆகையால் வளைவு இத்தனை குறுகலாயிருக்கலாமா என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை.

ஊவா தனி மாகாணமானது 1886ஆம் ஆண்டில். புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. அங்கிருந்து பதுளைக்கு அது வந்துசேர்ந்தது 1924ஆம் ஆண்டிலேயே. தெமோதரையிலே பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு இறங்கும் அமைப்பும், ஒன்பது வளைவுப் பாலமும் அவ்வேலையின் பெருமையை இன்றும் காட்டி நிற்கின்றன. பண்டாரவளைக்கும் பதுளைக்குமிடையே கழிந்த அந்த முப்பது ஆண்டுகளுக்குள்ளேதான் மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்தது. முதல் வண்டி 1902ஆம் ஆண்டளவில் இறக்குமதியாயிற்று. 1904ஆம் ஆண்டில் மோட்டார்க்காரருக்கென ஒரு சங்கமும் கொழும்பிலே தோன்றிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும். பதுளைப் பாதையிலே 44 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம் உண்டு. அவ்வேற்றத்தில் நின்றுபோன நீராவி எஞ்சின், சாரதி ஆவியைத் திறந்ததும் நின்ற நிலையிலிருந்தே இழுக்கத் தொடங்கும். மோட்டார் வண்டி மாத்திரம் ஏன் திக்கித் திணறி அணைந்துபோகின்றது?

விடை இயந்திரத்தின் இயல்பிலே இருக்கின்றது. நீராவி கொதிகலனிலே திரண்டிருக்கின்றது. சக்கரம் சுழன்றாலும் சுழலாவிட்டாலும் அது உந்துதண்டை அழுத்தும். பெற்றோல் இயந்திரத்துக்கோ அத்தகைய சேமிப்பு இல்லை. அது சுழன்றுகொண்டிருந்தாற்றான் காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுக்கும், இழுத்தாற்றான் வெடிக்கும், வெடித்தாற்றான் சுழலும். வண்டி நிற்கும்போதும் அது நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்று வரை சுழன்றுகொண்டிருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்தால் அதன் உயிர் போய்விடும். சுழலும் இயந்திரத்தை, அசையாது நிற்கும் சக்கரத்தோடு திடீரெனப் பிணைத்தால் என்ன நிகழும்? சக்கரம் இயந்திரத்தை நிறுத்திவிடும். இதனையே வண்டி அணைந்துவிட்டது என்கின்றோம்.

இவ்விரண்டையும் மெல்ல மெல்ல இணங்கச்செய்யும் இடைத்தரகர்தான் கிளச்சு. இயந்திரத்தோடு சுழலும் ஒரு முகமும், சக்கரத்தை நோக்கிச் செல்லும் ஒரு தட்டும் அதில் உண்டு. மிதியை அழுத்தினால் அவை பிரியும், விட்டால் ஒட்டும். இரண்டுக்கும் நடுவே, உராய்ந்தும் உராயாமலும் பற்றத் தொடங்கும் ஒரு நிலை உண்டு. அதனையே எங்கள் சாரதிமார் அரைக் கிளச்சு என்பர். வண்டியோட்டும் கலையின் நுட்பமெல்லாம் மிதி மேலெழும் அந்த ஓரிரு அங்குல தூரத்துக்குள்ளே அடங்கியிருக்கின்றது.

கியரின் கதையும் மலையோடு தொடர்புடையதே. 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஜேர்மனியிலே பேர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் ஆக்கிய மோட்டார் வண்டியிலே தம் இரு புதல்வரோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணஞ்செய்தார். மேடு வந்தபோது வண்டி ஏறவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளவேண்டியதாயிற்று. திரும்பிய அம்மையார், ஏற்றத்துக்கென இன்னுமொரு கியர் வேண்டுமென்று கணவருக்குக் கூறினார், அதுவும் சேர்க்கப்பட்டது. மலை கேட்ட கேள்விக்கு இயந்திரம் கொடுத்த மறுமொழியே முதற்கியர் எனலாம். சிறிய கார்கள் பலவற்றில், முதற்கியரிலே இயந்திரம் ஏறத்தாழ 15 முறை சுழன்றாற்றான் சக்கரம் ஒருமுறை சுழலும். வேகம் குறைந்து வலிமை கூடும். நெம்புகோலால் பாறை புரட்டுவோர் நன்கறிந்த கணக்கே இது.

1908இல் வெளிவந்த ஃபோர்ட் டி மாதிரிக் காரைப் பற்றி ஒரு வேடிக்கையும் சொல்வதுண்டு. அதன் எரிபொருள் தாங்கி இருக்கையின் கீழிருந்தது. எண்ணெய் தன் பாரத்தினாலேயே இயந்திரத்துக்கு வழிந்தோடிற்று. செங்குத்தான மேட்டிலே முன்புறம் உயர்ந்துவிட்டால் எண்ணெய் வராது, வண்டி அணைந்துவிடும். ஆகையால் அதன் சாரதிமார் வண்டியைத் திருப்பிப் பின்புறமாக மேடேற்றினர்.

அக்காலத்தில் வண்டி அணைவதென்றால் இன்றுபோல ஒரு சாவியைத் திருகும் சங்கதியன்று. மின்சாரத்தினாற் கிளப்பும் கருவி 1912ஆம் ஆண்டிலேதான் கடிலாக் காரிலே முதன்முதல் பொருத்தப்பட்டது. அதற்கு முன்னரும், அக்கருவி இல்லாத வண்டிகளிற் பின்னரும், சாரதி இறங்கி முன்னே சென்று கைப்பிடியைச் சுற்றவேண்டும். இயந்திரம் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். இதனைச் சரிவான பாதையிலே, மழையிலே, ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக இருக்கும்போது செய்வதை எண்ணிப் பாருங்கள். லொறியிலே கிளீனர் எனப்படும் உதவியாள் ஒருவன் எப்போதும் கூடச்சென்றதற்கு ஒரு காரணம் இது. வண்டி நின்றதும் அவன் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பான். வண்டி புறப்பட்டதும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறிக்கொள்வான்.

இன்னுமொரு தடையும் இருந்தது. பழைய கியர்ப் பெட்டிகளிலே பற்சக்கரங்களின் வேகத்தைச் சாரதியே ஒத்துப்போகச் செய்யவேண்டும். தானாக ஒத்திசைக்கும் அமைப்பு 1928இல் கடிலாக் காரிலே அறிமுகமானது. எனினும் லொறிகளுக்கும் மலிவான கார்களுக்கும் அது வந்துசேர நெடுங்காலமாயிற்று. 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட மொறிஸ் மைனர் காரின் முதற்கியருக்கு அவ்வமைப்புக் கடைசிவரை இருந்ததில்லை. ஆகவே ஏற்றத்தில் கியரைக் குறைப்பதற்குச் சாரதி கிளச்சை ஒருமுறை மிதித்து, விட்டு, இயந்திரத்தின் சுழற்சியைச் சற்று உயர்த்தி, மறுமுறை மிதித்துக் கியரைப் போடவேண்டும். ஊசி வளைவிலே இதைச் செய்யும் இரண்டொரு கணத்துக்குள் வண்டியின் வேகம் இறந்துவிடும், கைதப்பினாற் பற்கள் அலறும், வண்டி அணையும். 1922இல் வெளிவந்த ஒஸ்டின் செவன் என்னும் சிறு காரின் கிளச்சு மிதியோ மிகச் சிறிதளவே அசையும். பழகாத கால் பட்டால் அது பாயும், அல்லது படுத்துவிடும்.

இனி, இக்கலையை எங்கள் தோட்டங்களிலே கற்றவர் யாரென்று பார்ப்போம். காரை வாங்கியவர் துரை. அதை ஓட்டியும், கழுவியும், தேயிலைப் பெட்டிகளை ஏற்றிய லொறியைப் புகையிரத நிலையத்துக்குக் கொண்டுசென்றும் உழைத்தவர் பலர் லயங்களிலே பிறந்தவர். அவர்களுக்குச் சாரதிப் பாடசாலை கிடையாது. கிளீனராகச் சேர்ந்து, சாரதியின் காலைப் பார்த்து, இயந்திரத்தின் குரலைக் கேட்டு, ஏச்சும் பேச்சும் வாங்கி, லொறியைக் கொட்டகைக்குள்ளே முன்னும் பின்னும் நகர்த்திப் பழகியவர்கள் அவர்கள். கிளச்சு, கியர், பிரேக்கு என்ற சொற்களைத் தமிழாக்கிக்கொண்டவர்களும் அவர்களே.

அத்தொழிலின் மதிப்பை உணர்வதற்கு அக்காலச் சட்டத்தையும் நினைவுகூர வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களை இரு நாடுகளுக்குமாகப் பிரித்தது. எஞ்சியோரின் குறை தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. குடியுரிமையில்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977இல். அதற்கு முன்னர் பெரும்பாலான பிள்ளைகளின் கல்வி கீழ்வகுப்புகளோடு நின்றது. கொழுந்துக் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் அப்பால், தன் திறமையாலே ஓர் இளைஞன் அடையக்கூடிய தொழில்கள் சிலவே. சாரதித் தொழில் அவற்றுள் ஒன்று. மேட்டிலே வண்டியை அணையவிடாமல் எடுக்கத் தெரிந்தவனா என்பதுதான் அங்கே தேர்வு. நடு இரவிலே பிரசவ வேதனைப்பட்ட பெண்ணைத் தோட்ட லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றோருக்கு, அத்திறமை ஓர் உயிரின் விலையாகவும் இருந்தது.

அத்திறமைதான் யாது? சொல்வதற்கு எளிது. கைத்தடையை இழுத்து வண்டியை நிறுத்துதல், முதற்கியரைப் போடுதல், எண்ணெய் மிதியைச் சற்று அழுத்தி இயந்திரத்தின் குரலை ஒரு படி உயர்த்துதல், கிளச்சு மிதியை மெல்ல உயர்த்தி, அது பிடிக்கும் இடத்திலே காலை நிறுத்துதல். அவ்விடத்தை மூன்று குறிகளால் அறியலாம்: இயந்திரத்தின் குரல் தாழும், வண்டியில் ஒரு நடுக்கம் தோன்றும், முன்பக்கம் சற்று நிமிரும். அப்போது எண்ணெயைச் சிறிது கூட்டிக் கைத்தடையைத் தளர்த்தினால் வண்டி பின்னே உருளாது, முன்னே செல்லும். அதன் பின்னரே கிளச்சை முழுதும் விடவேண்டும். அணைந்துபோகும் வண்டிகளிற் பெரும்பாலானவை, வண்டி அசையத் தொடங்கியதும் வேலை முடிந்ததென்று எண்ணிக் காலைச் சடுதியில் எடுப்பதனாலேயே அணைகின்றன. காலை அங்கேயே நெடுநேரம் வைத்திருப்பதும் தவறு. உராயும் தட்டு சூடேறித் தேய்ந்துவிடும்.

ஏறத் தெரிந்தவன் இறங்கவும் அறிவான். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைச் சாரதிமாரின் பழைய விதி. தாழ்ந்த கியரிலே இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை மாத்திரம் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடியை இழக்கும். எல்லவிலிருந்து வெல்லவாய செல்லும் வீதி முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்துக்குள் ஏறத்தாழ 800 மீற்றர் இறங்குகின்றது. அவ்வீதியிலே 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் நாள் இரவு ஒரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விபத்துகளுக்குக் காரணங்கள் பல. ஆயினும் இவ்வீதிகளிலே தேர்ச்சியற்ற கைக்கும் காலுக்கும் இடமில்லை என்பதில் ஐயமில்லை.

இன்று கிளச்சு மிதியில்லாத கார்கள் பெருகிவிட்டன. மின்சாரத்தினால் ஓடும் வண்டி, பழைய நீராவி எஞ்சினைப் போலவே நின்ற நிலையிலிருந்து முழு வலிமையோடு இழுக்கின்றது. அதற்குக் கிளச்சே வேண்டுவதில்லை. ஒருகாலத்தில் அரைக் கிளச்சு என்ற சொல்லும் தவளம் என்ற சொல்லைப் போலப் பழங்கதையாகக்கூடும். ஆனால் மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் ஏறும் பேருந்துகளிலும், கொழுந்து சுமக்கும் லொறிகளிலும், முச்சக்கர வண்டிகளிலும் கிளச்சு இன்னும் இருக்கின்றது. அவற்றை ஓட்டப்போகும் இளைஞர் எம் வகுப்பறைகளிலே அமர்ந்திருக்கின்றனர்.

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையை இன்று தமிழிலேயே எழுதலாம். வீதிக் குறிகளை மனனஞ்செய்து பலர் சித்தியெய்துகின்றனர். ஆனால் வண்டி ஏன் அணைகின்றது, முதற்கியர் ஏன் வலியது, இறக்கத்தில் இயந்திரம் எவ்வாறு வண்டியைப் பிடிக்கின்றது என்பவற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் சிலரே. முன்னோர் ஏச்சு வாங்கிப் பல மாதங்களிற் கற்றதை, காரணம் விளங்கிய மாணவன் சில நாட்களிற் கற்றுக்கொள்வான். உராய்வையும் நெம்புகோலையும் விஞ்ஞான பாடத்திலே படிப்பிக்கும் ஆசிரியர், பாடசாலை வாசலிலே மேடேறும் லொறியை ஒருமுறை சுட்டிக்காட்டினாற் போதும். ஓய்வுபெற்ற தோட்டச் சாரதி ஒருவரை வகுப்புக்கு அழைத்து, அவர் அறிந்ததை மாணவர் கேட்டு எழுதிக்கொள்ளச் செய்தல் இன்னும் நன்று. அம்முதியோர் பலர் இன்னும் எம்மிடையே வாழ்கின்றனர்.