வாத்தியார் இல்லாத உடற்பயிற்சி: ஒரு சுருக்க வரலாறு

பிலாட்டீஸ் என்பது பெரும்பாலும் தரையில் பாய் விரித்துச் செய்யப்படும் உடற்பயிற்சி முறையாகும். வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளை வலுப்படுத்துவதும் மூச்சையும் அசைவையும் இணைப்பதும் இதன் அடிப்படை. இன்று இதைப் பயிற்றுநர் இல்லாமல், கைபேசியில் காணொளி பார்த்து வீட்டிலேயே பழகுவோர் உள்ளனர். இது புதுமையாகத் தோன்றினாலும், வாத்தியார் இல்லாமல் உடற்பயிற்சி கற்கும் வழக்கத்திற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

வடசென்னையின் வாத்தியார் மரபு

துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் நிறைந்த வடசென்னையில் குத்துச்சண்டை ஒரு காலத்தில் பெருமைக்குரிய கலையாக இருந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குழுக்கள் இருந்தன. 2021இல் பா. இரஞ்சித் இயக்கத்தில் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் இதைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது.

இந்த மரபின் மையம் வாத்தியார். தண்டால், பஸ்கி, கர்லாக் கட்டை எதுவானாலும் சீடனின் கால் வைப்பையும் தோள் நிலையையும் பார்த்து அவர் உடனே திருத்துவார். ஆனால் அந்தக் களம் ஆண்களுடையதாகவே இருந்தது. பெண்களுக்கும் முதியோருக்கும் அங்கே பெரும்பாலும் இடமில்லை.

அஞ்சலில் வந்த பாடம்

வாத்தியாரிடம் போக இயலாதவருக்கு முதலில் உதவியது அச்சு. ஜெர்மனியில் பிறந்து இலண்டனில் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ (1867–1925) நூல்கள் வழியாகவும் அஞ்சல் வழியாகவும் உடற்பயிற்சி கற்பித்தார். 1904–05இல் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் தமிழில் ஆழமாகப் பதிந்துவிட்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் 'சாண்டோ' என்ற பட்டத்துடன் அழைக்கப்பட்டார். கையில்லாத பனியனை இன்றும் 'சாண்டோ பனியன்' என்கிறோம்.

பெங்களூரில் கே. வி. ஐயர் (1897–1980) உடற்பயிற்சிக்கூடம் நடத்தியதோடு அஞ்சல் வழிப் பாடமும் நடத்தினார். அவருடன் இணைந்து செயல்பட்ட யோகாசாரியர் சுந்தரம், 'சுந்தர யோக சிகிச்சை' என்ற நூலின் மூலம் யோகாசனங்களைத் தமிழ் வாசகரின் வீட்டுக்கே கொண்டுவந்தார்.

இதே காலத்தில் ஆசிரியர்களை உருவாக்கும் முயற்சியும் நடந்தது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதில் முதன்மையானது.

ஜோசப் பிலாட்டீஸ்

பிலாட்டீஸ் முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தார். சிறுவயதில் ஆஸ்துமா உள்ளிட்ட நோய்களால் அவதிப்பட்டவர். முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டவர் என்று பிடிக்கப்பட்டு, மான் தீவின் நாக்கலோ முகாமில் அடைக்கப்பட்டார். 1926இல் நியூயார்க்கில் குடியேறிப் பயிற்சிக்கூடம் நடத்தினார். நடனக் கலைஞர்கள் பலர் அவரிடம் வந்தனர்.

தம் முறைக்கு அவர் இட்ட பெயர் 'கன்ட்ராலஜி'. 1945இல் வெளியான அவரது நூலில் 34 பாய்ப் பயிற்சிகள் உள்ளன. ஏறத்தாழ 60 வயதில் தாமே செய்துகாட்டிய படங்களை அதில் சேர்த்திருந்தார். படிப்பவர் தம் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்பதே அந்நூலின் நோக்கம். ஆகவே பயிற்றுநர் இல்லாமல் பழகுவது பிலாட்டீஸ் முறைக்குப் புறம்பானது அன்று; அதை வகுத்தவரே காட்டிய வழிகளில் ஒன்று.

அவர் 1967இல் காலமானார். 'பிலாட்டீஸ்' என்ற பெயருக்கு எவரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்று 2000இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அப்பெயரில் யாரும் கற்பிக்கலாம் என்றாயிற்று. இது பரவலுக்கு உதவியது. கற்பிப்பவரின் தகுதியைப் பற்றிய கேள்வியையும் எழுப்பியது.

தனியே பழகுவதன் எல்லை

நூலின் முதல் பயிற்சி 'நூறு'. மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் சற்றே உயர்த்தி, கைகளை மேலும் கீழும் அசைக்க வேண்டும். 5 எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, 5 எண்ணிக்கைக்கு விட வேண்டும். இவ்வாறு 10 சுற்று செய்தால் 100. படிக்க எளிது. ஆனால் செய்யும்போது இடுப்பு தரையை விட்டு எழும்பும், கழுத்து இறுகும், மூச்சு தன்னையறியாமல் அடங்கும். கையெழுத்துப் பழகும் பிள்ளை தன் எழுத்தின் கோணலைத் தானே அறிவதில்லை. உடம்பும் அப்படித்தான்.

வாத்தியாரின் கண்ணுக்கு முழுமையான மாற்று இல்லை. எனினும் கண்ணாடி முன் செய்வது, வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்வது, முழங்காலை மடக்கிய எளிய வடிவிலிருந்து தொடங்குவது ஆகியவை ஓரளவு ஈடுசெய்யும். வலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். எலும்புத் தேய்மானம், முதுகுத்தட்டுச் சிக்கல், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். குறிப்பாக எலும்பு மெலிந்தவர்களுக்கு முதுகை வளைத்து உருளும் பயிற்சிகள் ஆகா.

வாத்தியார் மரபு திருத்தத்தைத் தந்தது. ஆனால் எல்லோருக்கும் கதவைத் திறக்கவில்லை. நூலும் அஞ்சலும் கைபேசியும் கதவைத் திறந்தன. ஆனால் திருத்தத்தைத் தரவில்லை. இராயபுரத்திலோ எண்ணூரிலோ வேலை முடிந்து வந்து பாய் விரிக்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டும் தேவை. சில நாட்களேனும் தேர்ந்த ஒருவரிடம் அடிப்படையைக் கற்று, பிறகு வீட்டில் தொடர்வதே இந்த வரலாறு காட்டும் நல்வழி.