சாவி வாட்ச், செல் வாட்ச்

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த எங்கள் வாட்ச் ரிப்பேர் கடையில் ஒரு மர பெஞ்ச் கிடக்கும். சாவி வாட்ச் கொண்டுவருகிறவர் அதில்தான் உட்காருவார். அப்பா கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறப்பார். "ஆயில் காஞ்சிருக்கு, நாளான்னைக்கு வாங்க" என்பார். வந்தவர் எழுந்திருக்கமாட்டார். மழை, மாட்டு விலை, மகள் கல்யாணம் எல்லாம் பேசி முடித்துத்தான் போவார்.

வருபவற்றில் பாதிக்குமேல் எச்எம்டி, அதிலும் ஜனதாதான் அதிகம். லேத் செய்துகொண்டிருந்த அந்த அரசுக் கம்பெனி, ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. அதுவரை நல்ல வாட்ச் என்றால் சுவிஸ் சரக்கு. அது கட்டுப்படியாகாதவர்களுக்குக் கடத்தல் சரக்கு. வாத்தியார் கையிலும் கண்டக்டர் கையிலும் வாட்ச் ஏறியது ஜனதாவால்தான்.

1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை வைத்தது. ஓசூர் அப்போது எங்கள் மாவட்டம். 1987-இல் வாட்சுகள் விற்பனைக்கு வந்தன. ப்ளஸ் டூ முடித்த என் தங்கை அந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் தீபாவளி லீவில் வரும்போது தங்க நிறத்தில், வட்டிக்கடைக்காரர் மோதிரம்போல மின்னும் ஒரு வாட்சைக் கொண்டுவந்தாள். நான் கட்டியிருந்த ஜனதாவைப்போல் மூன்று மடங்கு விலை.

"திறந்து பாருண்ணா" என்றாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தேன்.

ஜனதாவுக்குள் ஓர் ஊரே இருந்தது. பேலன்ஸ் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆட, அதன் நடுவில் ஹேர் ஸ்பிரிங் சுருங்கி விரிந்து மூச்சு வாங்கியது. தேய்மானம் தாங்க 17 கற்கள். நொடிக்கு ஐந்து டிக். காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் மாலைவரை ஓடும். ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் போனால் குற்றமில்லை.

டைட்டனுக்குள் ஒரு செல், மயிரிழைச் செப்புக் கம்பி சுற்றிய காயில், சின்ன சர்க்யூட், அரிசியளவு உலோகக் குப்பி. குப்பிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். சர்க்யூட் அதைப் பாதி, பாதியென்று பதினைந்து முறை குறைத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். அந்தத் துடிப்பில் முள் ஒரு படி நகரும். மாதத்துக்குப் பதினைந்து நொடி பிசகினாலே பெரிது.

"இதுல நீ ரிப்பேர் பண்ண என்னண்ணா இருக்கு?" என்று சிரித்தாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னது சரி.

எச்எம்டியும் குவார்ட்ஸ் செய்து பார்த்தது. ஆனால் பெரிதாக நம்பியது சாவி வாட்சைத்தான். 2016-இல் அதன் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. எங்கள் கடைக்கு முடிவு முன்னாலேயே தெரிந்துவிட்டது. செல் மாற்ற ஐந்து நிமிடம்; அதற்கு யாரும் உட்காருவதில்லை. பெஞ்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுவர்க்கடிகார அலமாரி வைத்தோம்.

அந்த வருடங்களில் வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்துச் செலவும் ஓசூரிலிருந்து மணியார்டராக வந்தன. கொண்டுவரும் தபால்காரர் கையில் செல் வாட்ச். அப்பா கையெழுத்துப் போட்டுப் பணத்தை எண்ணி வாங்குவார். பிறகு அவர் கையை எட்டிப் பார்த்து, தன் ஜனதாவின் முள்ளைச் சரியாகத் திருப்பி வைப்பார்.