திண்ணைக்கு அப்பால்

சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில் ஜில்லாக் கலெக்டர்களுக்கு உத்தரவனுப்பித் திரட்டிய கணக்கிலே, ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தன என்ற செய்தியைப் பலரும் எடுத்துக்காட்டுவதுண்டு; ஆனால், 1826இல் அக்கணக்கை ஆராய்ந்து அவர் எழுதிய குறிப்பில், உபாத்தியாயருக்கு மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்குமேல் வருமானமில்லை என்று கூறும் பகுதியே எனக்கு அதிகச் சுவையுடையதாகத் தோன்றுகிறது. தக்கவர்களை இத்தொழிலுக்கு இழுக்க அத்தொகை போதாதென்பது மன்றோவின் அபிப்பிராயம். ரூபாயை எண்ணிய கவர்னருக்கு, அறுவடைக் களத்திலிருந்து வாத்தியார் வீட்டுக்குப் போகும் நெல்லும், நவராத்திரியில் பிள்ளைகள் வீடுதோறும் பாடிச்சென்று வாங்கிவரும் காசும் கணக்கில் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஊர் கொடுத்த நெல்லில் ஜீவித்தவர் ஊரின் காரியங்களிலிருந்து ஒதுங்கியிருக்க இயலுமா? காலையில் திண்ணைப் பள்ளியின் மணலில் அரிச்சுவடியும் எண்சுவடியும் எழுதவைத்து, சட்டாம்பிள்ளையிடம் பிரம்பை ஒப்படைத்துவிட்டு எழுந்தால், கலியாண ஓலைக்கு வாசகம் எழுதி விளிம்பில் மஞ்சள் தடவுவது, அடமானப் பத்திரத்தில் சாக்ஷிக் கையெழுத்திடுவது, பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்ளும்போது நிலத்தின் குழிக்கணக்கைப் போட்டுச் சொல்வது, இரவில் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பது என்று அவருடைய பொழுது நீளும். பின்னாளில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் ஆட்கள் போகத் தொடங்கியபோது, அங்கிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லிப் பதிலெழுதும் வேலையும் அவரையே சேர்ந்தது. பல கிராமங்களில் சிறு படி கொடுத்துக் கிளைத் தபாலாபீஸையே அவர் பொறுப்பில் சர்க்கார் விட்டிருந்தது. எந்த வீட்டில் மகன் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான், எவன் அங்கே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான் என்பதெல்லாம் கடிதத்துக்குரியவளுக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் தெரியும். தெரிந்ததை வெளியிடாத வாய் அவருக்கு இருந்த வரையில், மணியக்காரரின் அதிகாரத்துக்குக் கட்டுப்படாதவனும் வாத்தியார் பேச்சுக்குக் கட்டுப்பட்டான்.

இதைப் பொற்காலமென்று புகழ நான் துணியமாட்டேன். மன்றோவின் கணக்கில் வந்த 1,88,650 மாணாக்கரில் பெண்பாலார் ஐயாயிரம் பேர்கூட இல்லை. தீண்டாதாரென்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் ஏற இடமிருந்ததில்லை. எழுத்து ஒரு சிலர் கையில் இருந்ததனாலேயே அந்தக் கையை மற்றவர்கள் எதிர்பார்த்து நின்றார்கள் என்பதையும், பிரம்படிக்குப் பயந்து பரண்மேல் ஒளிந்த பிள்ளைகள் பலர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

1854ஆம் வருஷத்துக் கல்விச் சாஸனத்துக்குப் பின் உதவித் தொகையும் வந்தது, இன்ஸ்பெக்டரும் வந்தார். பரீட்சையில் தேறிய பிள்ளைகளைக் கணக்கிட்டுப் பணம் அளிக்கும் முறையும் சில காலம் நடந்தது. நெல் நின்று சம்பளம் வந்ததும், உபாத்தியாயர் களத்துமேட்டைப் பார்ப்பதை விட்டு இன்ஸ்பெக்டர் வரும் வண்டிப்பாதையைப் பார்க்கலானார். ஊராரும் தங்கள் வழக்குகளை வக்கீல் குமாஸ்தாவிடம் கொண்டுபோகலாயினர். சம்பளம் வேண்டியதே, பட்டினியில் பெருமை ஒன்றுமில்லை. ஆயினும் அந்த மாற்றத்தில் ஊருக்கும் அவருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் தளர்ந்தது.

குடியரசின் அரசியல் சாஸனம் ஆசிரியர் தலைமைக்கு வேறொரு பீடம் சமைத்தது: மாநிலச் சட்ட மேல்சபை அங்கத்தினரில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றது. ஆனால் அந்த வோட்டு உயர்நிலைப்பள்ளிக்குக் குறையாத கல்விச்சாலைகளில் கற்பிப்போருக்கே உரியதாயிருந்தது. திண்ணை வாத்தியாரின் நேர் வாரிசான ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு அதில் இடமிருக்கவில்லை. 1956இல் காமராஜர் ஆட்சியில் பகலுணவுத் திட்டம் தொடங்கி, செலவில் ஒரு பங்கை ஊராரே தரவேண்டுமென்று ஏற்பட்டபோது, வீடுவீடாகச் சென்று அரிசியும் விறகும் கேட்டு வாங்கும் வேலையில் முன்னின்றவர்களுள் மேல்சபைக்கு வோட்டில்லாத அந்த ஆசிரியரும் ஒருவர். இம்முறை அவர் கேட்டது தமக்காகவன்று. வரிசையில் உட்கார்ந்தவர்களில், திண்ணையில் ஏறவிடப்படாதவர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.