பேரன் பெயரும் அறுபதாண்டுச் சக்கரமும்

தமிழ்க் குடும்பங்களில் முன்னோரைத் தேடிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் நான்காம் தலைமுறையோடு நின்றுவிடுகிறார்கள். பாட்டனாரைத் தெரியும், அவருடைய தகப்பனாரின் பெயர் தெரியும். அதற்கு மேலே, 'தாது வருஷப் பஞ்சத்தில் பிழைக்க வந்த குடும்பம்' என்பதுபோல் ஒரு வாக்கியம் மட்டுமே மிஞ்சும். ஓலைகளைக் கரையான் தின்றுவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஆனால் ஓலைகள் தப்பிய வீடுகளிலும் இதே முட்டுச்சந்து எதிர்ப்படுகிறது. காரணம், நாம் பெயரிட்ட முறையிலும் ஆண்டு குறித்த முறையிலுமே இருக்கிறது.

பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்பது பொருள். வழிவழியாக வரும் குடும்பப் பெயர் நம்மில் பெரும்பாலோர்க்கு இல்லை. முத்துசாமியின் மகன் பெரியசாமி, பெரியசாமியின் மகன் முத்துசாமி என்று ஒரு குடும்பத்தின் ஆவணங்கள் இரண்டே பெயர்களில் சுழல்வதுண்டு. இதனோடு பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதாண்டுச் சக்கரமும் சேர்ந்துகொள்கிறது. 'தாது' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1816-17 ஆகலாம், 1876-77 ஆகலாம், 1936-37 ஆகலாம். பாட்டன் பிறப்புக்கும் பேரன் பிறப்புக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது, அறுபது ஆண்டுகள். பெயரும் திரும்பி வருகிறது, ஆண்டும் திரும்பி வருகிறது. இரண்டு மனிதர்கள் ஒருவராகிவிட, வம்சாவளியில் இரண்டு தலைமுறைகள் சுவடின்றி மறைகின்றன.

வாய்மொழிக் கதை இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் தாது ஆண்டில் தொடங்கி அடுத்த ஈசுவர ஆண்டிலும் நீடித்தது. எனினும் மக்கள் நினைவில் அது தாது வருஷப் பஞ்சமே. குடிபெயர்ந்த ஆண்டை மறந்த குடும்பம் ஊரறிந்த ஒரு துயரத்தோடு தன் பயணத்தைச் சேர்த்துவிடுவது இயல்பு. ஏன் வந்தார்கள் என்பதற்குக் கதை சாட்சி சொல்லக்கூடும். எப்போது வந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டும்.

பழைய ஜாதகம் அத்தகைய ஒரு சாட்சி. ஆனால் அதிலும் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டுகளிலும், சனி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளிலும் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஆகவே அறுபது ஆண்டு கழித்து இரண்டும் பழைய ராசிக்கோ அடுத்த ராசிக்கோ வந்துவிடும். அவற்றை நம்பினால் பாட்டனைப் பேரனிலிருந்து பிரிக்க இயலாது. ராகு அப்படியன்று. பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல் ஒரு சுற்று. அறுபது ஆண்டில் இரண்டு அல்லது மூன்று ராசி விலகி நிற்கும். கிழமை இன்னும் எளிய சான்று. ஒரே தமிழ்த் தேதி அறுபது ஆண்டு கழித்து ஐந்து அல்லது ஆறு கிழமை தள்ளியே வரும். மாதம், தேதி, கிழமை மூன்றும் ஜாதகத்தில் இருந்தால் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை வகுத்தளித்த காலக்கணிப்பு அட்டவணைகளைப் போன்றவற்றைக் கொண்டு எந்தத் தாது என்று சொல்லிவிடலாம்.

நிலமிருந்த குடும்பத்துக்கு மற்றொரு வழியும் உண்டு. வருவாய்க் கணக்கின் பசலி ஆண்டு சுழல்வதில்லை; நேராக எண்ணிச் செல்கிறது. பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. நாஞ்சில் நாட்டு ஆவணங்களில் வரும் கொல்லம் ஆண்டோடு, மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும். நம் முன்னோரின் பத்திரம் கிடைக்காவிட்டால் அண்டை நிலத்தாரின் பத்திரத்தைத் தேடலாம். நான்கெல்லை சொல்லும் இடத்தில் 'இன்னார் குமாரர் இன்னார் நிலத்துக்கு மேற்கு' என்று நம்மவர் தகப்பன் பெயரோடு நிற்கக்கூடும். அயலார் வாங்கி விற்றதில் நம் வீட்டு வரலாறு பதிவாகியிருக்கும்.

நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலடையாளம் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஆயினும் எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் குறித்தவர்; ல, ள, ழ வேறுபாடு அங்கே இல்லை. வயது பெரும்பாலும் மதிப்பீடு. சொல்லப்பட்ட சாதியும் எல்லார் விஷயத்திலும் உண்மையன்று. வட ஆற்காடு ஜில்லா என்றிருக்கும் ஊர் இன்றைய ஆந்திரத்தில் இருக்கக்கூடும். சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல்தான். இங்கேயும் அண்டையாரே துணை. முன்னும் பின்னும் உள்ள எண்களில் அதே ஊர்க்காரர் இருந்தால், ஒருவர் வரியில் சிதைந்த ஊர்ப்பெயர் இன்னொருவர் வரியில் தெளிவாக இருக்கலாம்.

இந்தப் பட்டியல்களைவிட எச்சரிக்கையாக அணுக வேண்டியவை சாதி வரலாற்று நூல்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிகளை உயர்வு தாழ்வு வரிசையில் நிறுத்த அரசு முனைந்தது. அதையொட்டி மனுக்களும் வம்ச சரித்திரங்களும் பெருகின. அவற்றில் ஒவ்வொரு குலமும் ஏதேனும் ஓர் அரச மரபில் போய்ச் சேர்கிறது. அந்தக் காலத்து மனிதர்கள் எதை வேண்டினார்கள் என்று அறிய அவை நல்ல ஆதாரங்கள். நம் கொள்ளுப்பாட்டன் யார் என்பதற்கு ஆதாரங்கள் ஆகா.

ஆகவே எந்த ஏட்டைத் தொட்டாலும் யார், யாருக்காக, என்ன பயன் கருதி எழுதினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் சொத்துக்காக எழுதப்பட்டது. பங்கு பெறாத பெண்மக்கள் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை. கூலிக்கணக்குக்காக எழுதப்பட்ட கப்பல் பட்டியலிலோ, ஊரில் எந்தப் பத்திரத்திலும் இடம்பெறாத ஒரு பெண்ணுக்குத் தனி எண்ணும் சொந்தப் பெயரும் உண்டு. அவளுடைய ஊர் எது என்று உறுதிப்படும் வரையில் அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டு வைக்கலாம். பொருந்தாத ஓர் ஊரை எழுதி நிரப்பிவிட்டால், பின்னால் வருகிறவர் தேடவும் மாட்டார்.